ஃபிரான்ஸ் ஹால்ஸ் அவசரக்காரரா?

கேள்வி: ஹாலந்து ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் உருவப்படங்களைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரே தீற்றலும் கிறுக்கலுமாக இருக்கிறது. தள்ளி நின்றால் ஆள் உயிரோடு நிற்கிறார். அவர் பெரிய குடிகாரர், போதையில் ஒரே மூச்சில் வரைந்து தள்ளுவார் என்று படித்தேன். உண்மையா? அவருடைய வாழ்க்கை, வரையும் முறை இரண்டையும் விளக்க முடியுமா?

பதில்:

குடிகாரர் என்பதற்கு அவர் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. ஒரே மூச்சில் வரைந்தார் என்பது அவர் நம்மை நம்பவைத்த விஷயம். அந்த வேகம் திட்டம் போட்டு உண்டாக்கிய தோற்றம். அதைத்தான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

முதலில் குடிக் கதை. இதை எழுதிவைத்தவர் ஆர்னால்ட் ஹௌப்ராக்கன். டச்சு ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்து அவர் புத்தகம் வெளியிட்டது 1718-இலிருந்து, அதாவது ஹால்ஸ் இறந்து ஐம்பது வருஷம் கழித்து. தினமும் இரவு மாணவர்கள்தான் அவரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைப்பார்கள் என்று எழுதுகிறார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹௌப்ராக்கனுக்குக் கலைஞனின் குணமும் அவன் வரையும் பொருளும் ஒன்றுதான் என்ற எண்ணம் உண்டு. மதுக்கிண்ணம் ஏந்திச் சிரிப்பவர்களை வரைந்தவர் குடிகாரராகத்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்.

இதைவிட மோசமான ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்துகொண்டது. 1616 பிப்ரவரியில் ஹார்லெம் நகர அதிகாரிகள் 'ஃபிரான்ஸ் ஹால்ஸ்' என்பவரை மனைவியை அடித்ததற்காகக் கண்டித்த பதிவு ஒன்று கிடைத்தது. உடனே ஓவியருக்கு மனைவியை அடிப்பவர் என்ற பட்டமும் ஏறியது. ஓவியரின் முதல் மனைவி 1615-இலேயே இறந்துவிட்டார். இரண்டாவது திருமணம் 1617-இல். இடையில் அடிப்பதற்கு மனைவியே இல்லை! அந்தப் பதிவில் இருந்தவர் அதே ஊரில் வாழ்ந்த, அதே பெயர் கொண்ட ஒரு நெசவாளி. பெயர்க் குழப்பம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் பழைய புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதுபவர்கள் இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, ஆவணங்களில் இருக்கும் ஆள் யார்?

1582 அல்லது 1583-இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார். அப்பா துணித் தொழில் செய்தவர். 1585-இல் ஸ்பானியப் படையிடம் ஆண்ட்வெர்ப் வீழ்ந்ததும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வடக்கே கிளம்பின. ஹால்ஸ் குடும்பம் ஹார்லெமில் குடியேறியது. தம்பி டிர்க் 1591-இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார்; பிற்காலத்தில் அவரும் ஓவியரானார். ஹார்லெம் அப்போது பியருக்கும் லினன் துணிக்கும் பேர்போன ஊர். ஓவியரும் எழுத்தாளருமான காரெல் வான் மாண்டரிடம் ஹால்ஸ் படித்தார் என்று வான் மாண்டரின் வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. 1610-இல் ஓவியர்களின் சங்கமான புனித லூக்கா கில்டில் சேர்ந்தார். தேதி போட்டுக் கிடைக்கும் முதல் ஓவியம் 1611. அப்போது வயது முப்பதை நெருங்கிவிட்டது.

அதன் பிறகு ஐம்பத்தைந்து வருஷம் ஹார்லெமை விட்டு அதிகம் நகரவில்லை. இரண்டு திருமணங்களிலும் சேர்த்துப் பத்துக்கு மேல் பிள்ளைகள். மகன்களில் ஐந்து பேர் ஓவியர்கள். நகரக் காவல்படையில் இருந்தார். ஊரின் நாடக, கவிதைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். 1644-இல் கில்டின் பொறுப்பாளர்களில் ஒருவரானார். தினமும் தூக்கிப் படுக்கவைக்க வேண்டிய ஆளை யாரும் இந்த இடங்களில் வைத்திருக்க மாட்டார்கள்.

பணம் மட்டும் கையில் தங்கவே இல்லை. ரொட்டிக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் என்று கடன்காரர்கள் வழக்குப் போட்ட பதிவுகள் வாழ்நாள் முழுக்க வருகின்றன. 1654-இல் ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் 200 கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்) கடன். ஈடாக எழுதிக்கொடுத்தது: மூன்று மெத்தைகள், தலையணைகள், ஒரு அலமாரி, ஒரு மேஜை, ஐந்து ஓவியங்கள். வீட்டில் உருப்படியாக இருந்தது அவ்வளவுதான் போலும். 1662-இல் நகர மன்றத்திடம் உதவி கேட்டார். உதவித்தொகை கிடைத்தது. 1664-இல் அதை ஆண்டுக்கு 200 கில்டராக உயர்த்தி, அடுப்பெரிக்க மூன்று வண்டி சதுப்புக்கரியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1666-இல் இறந்தபோது ஊரின் பெரிய தேவாலயமான புனித பாவோவுக்குள் புதைக்கப்பட்டார். மனைவி லிஸ்பெத் 1675-இல் வாரத்துக்குச் சில காசுகள் ஏழை நிதி வாங்கிப் பிழைத்தார்.

இனி வரையும் முறை.

பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் வண்ணம் பூசுவதில் இரண்டு வழிகள் இருப்பதாகப் பேசிக்கொள்வார்கள். ஒன்று வழுவழுப்பானது: தூரிகைத் தடமே தெரியாமல் தேய்த்து இழைப்பது. இன்னொன்று சொரசொரப்பானது: தீற்றல் தீற்றலாக அப்படியே விடுவது. இரண்டாவது வழியில் இறங்க முதல் வழியில் கை தேர்ந்திருக்க வேண்டும் என்பது வான் மாண்டர் போன்றவர்களின் எச்சரிக்கை. வெனிஸின் திஷியன் முதுமையில் அப்படி வரைந்தார். இளம் ஓவியர்கள் அதைப் பார்த்துச் சுலபம் என்று நினைத்துக் கெட்டார்கள் என்பார்கள். ஹால்ஸ் இரண்டாவது வழியை எடுத்து அதிலேயே எல்லை வரை போனவர்.

ஹௌப்ராக்கனே ஒரு உருப்படியான தகவலும் தருகிறார். இதை மட்டும் நான் நம்புவேன், ஏனென்றால் ஓவியங்களே அதற்குச் சாட்சி. ஹால்ஸ் முதலில் வண்ணத்தைத் தடிப்பாக, ஒன்றோடொன்று மெதுவாக இழையும்படி பூசிவிடுவாராம். தூரிகைத் தடங்கள் அதற்குப் பிறகுதான். 'இனி இதில் ஆசானின் கை தெரிய வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு இடுவாராம். அதாவது நீங்கள் 'கிறுக்கல்' என்று சொல்லும் தீற்றல்கள் கடைசியாக வந்தவை. அடியில் ஒழுங்காக உருவான ஒரு முகம் இருக்கிறது.

ஒரு முகத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். கேன்வாஸுக்கோ பலகைக்கோ வெளிர் காவியோ சாம்பலோ கலந்த அடிப்பூச்சு. அதன் மேல் நேராகத் தூரிகையாலேயே, பழுப்பு நிறத்தில், உருவத்தின் எல்லைகள். அவர் கையால் தாளில் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு கோட்டோவியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு தோல் நிறம்: ஈய வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு. கன்னத்தின் சிவப்பை அடியில் இருக்கும் வண்ணம் காய்வதற்குள் அதற்குள்ளேயே இழுத்துவிடுகிறார். ஈரத்தின் மேல் ஈரம். எண்ணெய் வண்ணம் காய நாள் பிடிக்கும் என்பதால் இப்படிச் செய்ய நேரம் கிடைக்கும், ஆனால் தவறினால் சேறாகிவிடும். கடைசியாக அழுத்தங்கள். மூக்குத் துளைக்கு ஒரு இருட்டு, உதடுகள் சேரும் இடத்தில் ஒரு கோடு, மேலிமைக்கு ஒன்று, மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கன்னத்து நிழலில் மூன்று நான்கு சாய்ந்த தீற்றல்கள். இந்தத் தீற்றல்கள் கன்னத்தின் வளைவோடு போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சாதாரணமாக ஓவிய வகுப்பில் செய்யாதே என்று சொல்லும் வேலை அது. அதனால்தான் முகம் இப்போதுதான் திரும்பியது போல இருக்கிறது: கண் ஒரு நிலையான எல்லையைத் தேடுகிறது, கிடைப்பதில்லை.

ஒரே அமர்வில் முடித்தார் என்பதற்கு எதிராக அவர் வாயாலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. 1633-இல் ஆம்ஸ்டர்டாம் காவல்படைப் பிரிவு ஒன்று 16 பேர் கொண்ட குழுப்படம் கேட்டது. வெளியூர்க்காரரான ஹால்ஸுக்கு இது பெரிய கௌரவம். ஆளுக்கு 60 கில்டர் என்று பேசி, பிறகு 66 ஆக்கினார்கள். மூன்று வருஷம் போயும் படம் முடியவில்லை. இரண்டு பக்கமும் நோட்டரி மூலம் மாறி மாறிக் கடிதம் அனுப்பிச் சண்டை. முகங்களை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஹார்லெமில் முடிப்பது என்றுதான் ஒப்பந்தம் என்று ஹால்ஸ் வாதாடினார். தங்கும் செலவையும் புலம்பினார். படை வீரர்கள் ஹார்லெமுக்கு வரட்டும், இருபது மைல்கூட இல்லை என்பது அவர் நிலை. அவர்கள் வரவில்லை. கடைசியில் பீட்டர் கோடா என்ற ஆம்ஸ்டர்டாம் ஓவியர் மிச்சத்தை முடித்தார். உடல் மெலிந்த ஆட்களாகத் தெரிவதால் 'ஒல்லிப் படை' என்று பிற்காலத்தில் பெயர் வந்த அந்தப் படம் இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஊரில் தொடங்கி இன்னொரு ஊரில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டவர் ஒரே மூச்சுக்காரர் ஆக முடியாது. இடது கோடியில் சாம்பல் உடையில் நிற்கும் கொடி பிடித்தவரைப் பார்த்துவிட்டு 1885-இல் வான்கோ சொக்கிப்போய்த் தம்பிக்கு எழுதினார்.

ஆளைப் பார்த்துத் தூரிகையை மாற்றுவார் என்பதையும் கவனிக்க வேண்டும். லண்டன் வாலஸ் தொகுப்பில் இருக்கும் 'சிரிக்கும் குதிரைவீரன்' 1624-இல் வரைந்தது. படத்தில் இருப்பவருக்கு வயது 26 என்று ஓவியத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை, குதிரைவீரர் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டியது. முகம் வழுவழுப்பு. சட்டைக் கையில் தேனீ, அம்பு, தீப்பிழம்பு, காதல் முடிச்சு என்று பூவேலையின் ஒவ்வொரு உருவும் தெளிவாகத் தெரியும். இதே கைதான் நான்கைந்து வருஷத்தில் 'குதூகலக் குடிகாரன்' படத்தில் உயர்த்திய உள்ளங்கையைச் சில பட்டைத் தீற்றல்களில் முடித்தது. முதலாவது காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படம். இரண்டாவது சந்தையில் விற்பதற்கான வேடிக்கைப் படம். ஆள் கௌரவமாக இருக்க வேண்டிய இடத்தில் தூரிகை அடங்கும். மீன்காரச் சிறுவன், ஊர்ப் பைத்தியம், வாத்தியம் வாசிப்பவன் என்றால் அவிழ்த்துவிடுவார். வயது ஏற ஏறக் கௌரவக்காரர்களுக்கும் அவிழ்ந்த தூரிகைதான். அப்படி வரைந்துகொள்ள அவர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

சிரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் தெரியச் சிரிப்பது அந்தக் காலத்து உருவப்படத்தில் மரியாதைக் குறைவு. ஓவியருக்கும் அது ஆபத்து. கோடு கொஞ்சம் பிசகினால் சிரிப்பு அழுகையாகிவிடும். சிரிக்கும் முகத்தை யாராலும் மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு உட்காரவும் முடியாது. ஆகவே ஓவியர் நினைவிலிருந்துதான் பிடிக்க வேண்டும். ஹால்ஸ் வரையும் சிரிப்பில் உதட்டைவிடக் கண்ணுக்குக் கீழே வீங்கும் சதைக்குத்தான் வேலை அதிகம். கௌரவமான வாடிக்கையாளருக்கு வேறு தந்திரம். ரஷ்யாவோடு வியாபாரம் செய்த ஐசக் மாசா என்பவரை 1626-இல் வரைந்தபோது நாற்காலியின் முதுகில் கையைப் போட்டுத் திரும்பி உட்காரவைத்தார். மாசா நம்மைப் பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் பார்க்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. விறைப்பாக நேரே பார்த்து நிற்கும் வழக்கத்துக்கு இடையில் இது புதுசு. இன்றைக்குக் கல்யாண ஆல்பத்தில் 'இந்தப் பக்கம் பார்க்காதீங்க' என்று சொல்லி எடுக்கிறார்களே, அந்த வித்தைதான்.

அடுத்தது கறுப்பு. வான்கோ அதே 1885-இல் ஹால்ஸிடம் 27 கறுப்புகள் இருக்கின்றன என்று எழுதினார். எண்ணிச் சொன்னதல்ல, வியந்து சொன்னது. ஆனால் பார்வை சரி. ஹார்லெமின் பணக்காரர்கள் கறுப்பு உடுத்தினார்கள். ஆழமான கறுப்புச் சாயம் விலை அதிகம். கழுத்தில் வெள்ளை லினன். ஊருக்கு வெளியே மணல்மேட்டு வயல்களில் மோரில் நனைத்து வெளுத்த துணி. துணித் தொழில் செய்தவரின் மகனுக்கு இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். பட்டுக் கறுப்பில் வெளிச்சம் கூர்மையாகத் தெறிக்கும். கம்பளிக் கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும். ஹால்ஸ் சாம்பல் கலந்த கறுப்பில் அடிப்பகுதியைப் போட்டு, மடிப்புகளுக்குத் தூய கறுப்பால் கோடு இழுத்து, பளபளப்புக்குச் சாம்பல் தீற்றலை வெட்டி வெட்டி வைக்கிறார். லேஸ் கழுத்துப்பட்டையில் நூல் எண்ணுவதில்லை. வெள்ளையும் இருட்டுமாகப் பொட்டுகள். கண் தானே பின்னிக்கொள்கிறது. சில படங்களில் காலப்போக்கில் கறுப்பு அமுங்கி மடிப்பெல்லாம் மறைந்துவிட்டது என்பதும் உண்மை. அதனால் அச்சுப் பிரதியில் பார்த்து 'உடையில் ஒன்றுமே வரையவில்லையே' என்று முடிவு கட்ட வேண்டாம்.

குழுப்படம்தான் இவையெல்லாம் ஒன்றுசேரும் இடம். காவல்படை அதிகாரிகளின் பதவி முடியும்போது விருந்து நடக்கும், ஆளாளுக்குப் பணம் போட்டு ஒரு படம் வரையவைப்பார்கள். பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் முகம் தெரிய வேண்டும், பதவி வரிசையும் கெடக் கூடாது. பழைய ஓவியர்கள் தலைகளை அடுக்கிவைத்தார்கள். ஹால்ஸ் 1616-இல் புனித ஜார்ஜ் படையின் விருந்தை வரைந்தபோது வரிசையை விட்டுக்கொடுக்காமலே அதை மறைத்தார். ஒருவர் திரும்புகிறார், ஒருவர் கத்தியைப் பிடித்திருக்கிறார், கொடி சாய்வாகப் படத்தை வெட்டுகிறது. 1639 வரை இப்படி ஐந்து படங்களை ஹார்லெமுக்காக வரைந்தார். கடைசிப் படத்தில் பின்வரிசையில் தன்னையும் வைத்துக்கொண்டார்.

எண்பது வயதைத் தாண்டி, சுமார் 1664-இல், முதியோர் இல்லத்தின் ஆண் நிர்வாகிகள், பெண் நிர்வாகிகள் என்று இரண்டு படங்கள். தன்னை அந்த இல்லத்தில் சேர்த்துப் பிச்சை போட்டவர்களை ஹால்ஸ் தூரிகையால் பழிவாங்கினார் என்று உருக்கமாகச் சொல்வார்கள். ஹால்ஸ் அந்த இல்லத்தில் வாழவே இல்லை; உதவித்தொகை கொடுத்தது நகர மன்றம். நிர்வாகிகள் அவருக்கு வேலை கொடுத்த வாடிக்கையாளர்கள். தொப்பியைச் சரித்து வைத்திருக்கும் ஒருவரைக் குடிகாரர் என்றும், இல்லை முகவாதம் வந்தவர் என்றும் வெகுகாலம் விவாதித்தார்கள். எனக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. பெண் நிர்வாகிகளின் கைகளைப் பாருங்கள். எலும்பும் முட்டியும் சில தீற்றல்கள். விரல் நகம் என்று ஒன்று இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்பு குடிகாரன் படத்தில் வேடிக்கைக்குச் செய்ததை இப்போது ஊர்ப் பெரியவர்களின் முதுமையைச் சொல்லப் பயன்படுத்துகிறார்.

இறந்த பிறகு இருநூறு வருஷம் ஏறக்குறைய மறந்தே போனார்கள். வழுவழுப்பு ஓவியத்துக்கு மவுசு வந்த காலம் அது. ஹால்ஸ் முடிக்கத் தெரியாதவராகத் தெரிந்தார். 1860-களில் தோரே-பியூர்ஜர் என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. 'சிரிக்கும் குதிரைவீரன்' 1865-இல் பாரிஸ் ஏலத்தில் மதிப்பிட்டதைப் போல ஆறு மடங்குக்குப் போனது. பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1869-இல் ஹால்ஸின் 'மல்லே பாபே' படத்தைப் பிரதி எடுத்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மானே 1872-இல் ஹார்லெமுக்கே போய்ப் பார்த்தார். அடுத்த வருஷம் காட்சிக்கு வைத்த அவருடைய பியர் குடிப்பவர் படத்தில் ஹால்ஸின் வாசனை அடிக்கும்.

விலை ஏறியதும் குழப்பமும் ஏறியது. ஹார்லெமில் அதே காலத்தில் யூடித் லைஸ்டர் என்ற பெண் ஓவியர் இருந்தார். தன் பயிற்சி மாணவனை ஹால்ஸ் சேர்த்துக்கொண்டார் என்று 1635-இல் கில்டில் புகார் கொடுத்தவர். அவர் படங்கள் ஹால்ஸ் பெயரில் விற்பனையாயின. 1893-இல் ஹாஃப்ஸ்டேட டி க்ரூட் என்ற அறிஞர், ஹால்ஸ் என்று விற்று வழக்குவரை போன ஒரு படத்தில் லைஸ்டரின் நட்சத்திர முத்திரையைக் கண்டுபிடித்தார். அந்தப் படம் இன்று லூவ்ரில். முப்பது வருஷம் கழித்து அதே அறிஞர் ஒரு போலி ஹால்ஸுக்கு அசல் என்று சான்றிதழ் கொடுத்தார். சோதித்ததில் ஹால்ஸ் காலத்தில் இல்லாத வண்ணப்பொடிகள் வெளிப்பட்டன. அப்போதும் ஒப்புக்கொள்ளாமல் சொந்தக் காசில் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டார். இன்றும் தகராறு தீரவில்லை: கலை வரலாற்றறிஞர் சேமூர் ஸ்லைவ் 222 படங்களை ஹால்ஸ் வரைந்ததாகக் கணக்கிட்டார், இன்னொரு அறிஞர் கிளாஸ் கிரிம் 145 என்கிறார்.

வாய்ப்புக் கிடைத்தால் ஹார்லெமில் இருக்கும் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஐந்து காவல்படைப் படங்களும் இரண்டு நிர்வாகிகள் படங்களும் அங்கேதான். 1913 முதல் அது இயங்கும் கட்டடம் பழைய முதியோர் இல்லம். போக முடியாதவர்கள் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் 'குதூகலக் குடிகாரன்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் மூக்கையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் உயர்த்திய கைக்கு வாருங்கள். எது முதலில் பூசியது, எது காய்வதற்குள் இழுத்தது, எது கடைசியில் வைத்தது என்று ஓரளவு நீங்களே பிரித்துவிடலாம்.